பழைய கடிதம், போட்டோ, டைரியை நூலகத்துக்குக் கொடுக்கும் முன்

முதலில் ஒன்று: சுத்தம் செய்கிறேன் என்று இறங்காதீர்கள். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் தாளுக்குச் செய்யும் பெரிய கெடுதல், பசை மஞ்சளாகி உள்ளே ஊறிவிட்டால் நிபுணர்களே எடுக்கத் திணறுவார்கள். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கவும் வேண்டாம், வைத்திருந்தவர் எந்த வரிசையில் வைத்தாரோ அதுவே ஆய்வாளருக்கு ஒரு தகவல்.

போட்டோவில் இருப்பது யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்பதைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா கூடாது, மை மறுபக்கம் கசியும். பேர் தெரியாத படத்துக்கு மதிப்பு பாதிதான் (என் கணக்கில்).

அப்புறம், பெட்டியோடு நேரே போய் நிற்காமல், என்னென்ன இருக்கிறது என்று ஒரு பக்கப் பட்டியலை அனுப்புங்கள். அவர்களிடம் ஏற்கெனவே உள்ள அச்சுப் புத்தகம் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பூஞ்சையோ பூச்சியோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தனியே வைத்துப் பார்ப்பார்கள்.

நன்கொடைப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பொருளைக் கொடுத்தாலே பதிப்புரிமையும் போய்விடாது, அதை யார் வைத்துக்கொள்வது என்று தனியே எழுத வேண்டும். அந்தரங்கக் கடிதங்களைச் சில வருடம் மூடி வைக்கச் சொல்லலாம். வேண்டாததைத் திருப்பித் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.