ஃபேஷனை ஆராய்வது எப்படி? அலமாரியிலிருந்து அருங்காட்சியகம் வரை

ஃபேஷனை ஆராயத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் அடியிலேயே அகலக்கால் வைத்துவிடுகிறார்கள். ‘இருபதாம் நூற்றாண்டுப் பெண்களின் உடை’ என்று தலைப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் படங்களைச் சேர்த்த பிறகு, அவற்றிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அதைவிட ஒரே ஓர் உடை வகையை, முடிந்தால் பாவாடையின் நீளம் அல்லது சட்டைக் காலரின் அகலம் போன்ற அதன் ஒரே ஓர் அம்சத்தை எடுத்துக்கொண்டு, பத்தாண்டு எல்லைக்குள் நின்றுகொள்வது நல்லது. பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அது எப்படிப் பரவியது, யார் அதை வாங்கி எவ்வளவு காலம் உடுத்தினார்கள், அதில் எது அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை முதல் இரண்டோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆராய வேண்டிய இடமே அதுதான் என்பது என் கருத்து.

பரவலை அறியப் பத்திரிகைகளை மட்டும் நம்பக் கூடாது. எதை உடுத்த வேண்டும் என்பதைப் பத்திரிகை சொல்லும். எது விலைபோனது என்பதை, பருவந்தோறும் நீக்கப்படாமல் தொடர்ந்து இடம்பெறும் பொருள்களின் வழியாகக் கடைகளின் விலைப்பட்டியல் காட்டிக்கொடுக்கும். உண்மையில் எதை உடுத்தினார்கள் என்பதற்குக் குடும்பப் புகைப்படங்களே சாட்சி. பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் டியோர் 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் ஒடுங்கிய இடையும் அகன்று நீண்ட பாவாடையுமாகத் தமது முதல் தொகுப்பை அறிமுகப்படுத்தினார். அப்போது பிரிட்டனில், ஒருவர் வாங்கக்கூடிய உடையின் அளவுக்கு அரசு வரம்பு வைத்து 1941 ஜூனில் தொடங்கிய உடைப் பங்கீடு இன்னும் நடப்பில் இருந்தது. அது 1949 மார்ச்சில்தான் முடிந்தது. அத்தனை மீட்டர் துணியை விழுங்கும் பாவாடை அங்கே சாதாரண வீடுகளுக்கு எந்த ஆண்டில் வந்தது என்பதைப் பாரிஸ் மேடையின் தேதியைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

கோட்பாடுகளைச் சற்றுப் பிறகு படிக்கலாம். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்யும் செலவைப் பற்றி 1899-இல் அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன் எழுதினார். மேல்தட்டைக் கீழ்த்தட்டு பின்பற்ற, மேல்தட்டு வேறொன்றுக்கு நகர்ந்துவிடுகிறது என்று 1904-இல் ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் விளக்கினார். 1969-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர் இதை மறுத்து, கடைகளுக்காக உடைகளை வாங்கும், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத கொள்முதலாளர்கள் பல மாதிரிகளுக்கிடையே ஏறக்குறைய அதே சிலவற்றைத் தேர்ந்தெடுப்பதைச் சுட்டிக்காட்டினார். தையல் பிரியாதிருக்கச் செப்பு ரிவெட் (தட்டி இறுக்கும் ஆணி) வைத்த காற்சட்டைக்கு 1873-இல் காப்புரிமை கிடைத்தபோது அது உழைப்பாளிகளின் உடை. இன்று விலையுயர்ந்த கடைகளிலும் தொங்கும் ஜீன்ஸின் கதை சிம்மெலின் விளக்கத்துக்கு எதிர்த்திசையில் போகிறது.

நுகர்வைப் பற்றிப் பேட்டி எடுக்கும்போது ‘இதை ஏன் வாங்கினீர்கள்’ என்று கேட்காதீர்கள். அதற்கு அழகான, தயாரித்த விடைதான் வரும். அலமாரியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வோர் உடையையும் கையில் எடுத்து, கடைசியாக எப்போது உடுத்தினீர்கள், எங்கே தைத்துச் சரிசெய்தீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது உடையை நேரில் படிப்பது. மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, பேனாவை ஒதுக்கிவிட்டுப் பென்சிலால் மட்டும் குறிப்பெடுங்கள். உடையின் வெளிப்புறத்தைவிட உட்புறமே அதிகம் பேசும். விளிம்பு மடிப்புக்குச் சற்று மேலே ஊசித் துளைகளின் வரிசையும், அதை ஒட்டி வெளிறாத துணியின் மெல்லிய பட்டையும் தெரிந்தால், மடிப்பைப் பிரித்து நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள்: அணிந்தவர் வளர்ந்திருக்கலாம், உடை வேறொருவருக்குப் போயிருக்கலாம், அல்லது நாகரிகமே மாறியிருக்கலாம். அக்குளில் படிந்த கறை, இடுப்பில் பிரித்துவிட்ட தையல், பொருந்தாத ஒரு பொத்தான் ஆகியவற்றைக் குறைகளாகக் கருதாமல் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நைலான் காலுறை அமெரிக்காவில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1940 மே மாதத்தில்தான் என்பதால் நைலான் நூலைக் கண்டதும் காலத்தைக் கணித்துவிடத் தோன்றும். ஆனால் அந்த நூல் பிற்காலப் பழுதுபார்ப்பில் வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் ஒரே தடயத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டு என்றால் தொடவே தயங்க வேண்டும். எடை கூட்டுவதற்காக அவற்றில் பலவற்றில் ஏற்றிய வெள்ளீய உப்புகளால் அவை கை பட்டாலே கீற்றுக் கீற்றாகக் கிழியக்கூடும்.

இனி அருங்காட்சியகம். ஒரு கண்காட்சியை இரண்டு முறை பாருங்கள்: முதல் முறை உடைகளுக்காக, இரண்டாம் முறை அவற்றைச் சுற்றியுள்ளவற்றுக்காக. விளக்கு மங்கலாக இருப்பது நாடகத்தன்மைக்காக மட்டுமல்ல. ஒளி சாயத்தையும் இழையையும் அழிப்பதால் துணிகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவலகு) வெளிச்சமே வழக்கம். உடை மாட்டிய பொம்மையைக் கவனியுங்கள்: உடைக்கு ஏற்ற உடலைப் பஞ்சும் துணியும் சுற்றி உருவாக்கியிருப்பார்கள், ஆகவே நீங்கள் காணும் இடையும் தோளும் உடைகளைப் பேணும் அருங்காட்சியக நிபுணரின் ஊகமாகவும் இருக்கலாம். விளக்கப் பலகையில் யார் தைத்தார் என்பதோடு யார் உடுத்தினார், யார் கொடுத்தார் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். செலவை ஏற்ற நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1983-இல் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த உடை வடிவமைப்பாளர் இவ் செயின்ட் லாரன்டுக்குக் கண்காட்சி வைத்தபோது எழுந்த விளம்பரமா, கலையா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அதே அருங்காட்சியகத்தில் 2011-இல் நடந்த, பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீனின் உடைக் கண்காட்சிக்கு 6.6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவ்வளவு கூட்டத்தை ஈர்க்கும் ஒன்றை எந்த நிர்வாகமும் வெறும் அறிவுப்பணியாக மட்டும் பார்க்காது.

எது தப்பிப் பிழைத்தது என்பதையும் கேட்க வேண்டும். வேலைக்கு உடுத்தியவை நைந்து கந்தலாகின்றன, அல்லது பிள்ளைகளுக்காக வெட்டித் தைக்கப்படுகின்றன. மணநாள் உடையும் விருந்து உடையும் பெட்டியில் தங்கிவிடுகின்றன. 1971-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த ஃபேஷன் கண்காட்சிக்காகப் புகைப்படக் கலைஞர் செசில் பீட்டன் தமக்குப் பழக்கமான செல்வச் சீமாட்டிகளிடம் கேட்டு உடைகளைத் திரட்டினார். அந்தத் தொகுப்பு ஒரு காலத்தின் உடையைக் காட்டும் அளவுக்கு ஒரு மனிதரின் நட்பு வட்டத்தையும் காட்டுகிறது.

சேமிப்பறையைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதும்போது, இணையப் பட்டியலிலிருந்து மூன்று நான்கு பதிவு எண்களை மட்டும் குறிப்பிட்டு, வேண்டிய காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். உடையோடு அதன் வரவுக் கோப்பையும், அதாவது அது அருங்காட்சியகத்துக்கு வந்த விவரங்கள் உள்ள கோப்பையும், கேட்க மறக்காதீர்கள். கொடுத்தவரின் கடிதம் அதில் இருந்தால், அந்த உடை எத்தனை முறை உடுத்தப்பட்டது என்ற ஒரு வரி கிடைக்கக்கூடும். கண்ணாடிப் பேழையின் முன் எத்தனை மணி நேரம் நின்றாலும் அது தெரியவராது.