மொரிஷியஸ் வெப்பத்துக்கும் காற்றுக்கும் ஏற்பக் கோழிக்கூட்டுக் கிட்டைப் பொருத்தி மாற்றும் முறை

கடைகளில் தனித்தனிப் பாகங்களாக அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கப்படும் மரக் கோழிக்கூட்டுக் கிட்டுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கென்று வரையப்பட்டவை. அவற்றின் சுவர்கள் இறுக்கமாக மூடியிருக்கும், காற்றுத் துளை இரண்டு விரல் அகலம்கூட இராது, கூரையின் மேல் கருந்தார்ப் படலம் ஒட்டப்பட்டிருக்கும். மொரிஷியஸில் குளிர் கோழிக்கு ஒரு பொருட்டே அன்று. கியூர்பீப் மேட்டின் ஜூலை மாத இரவைக்கூட வளர்ந்த கோழி தன் இறகின் துணையோடு தாங்கிக்கொள்ளும். அதற்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால், பெரும்பாலும் வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. காற்று ஈரமாக இருக்கும் கோடை இரவில் அதுவும் எளிதில் நடப்பதில்லை. ஆகவே கிட்டை அதன் செய்முறைத் தாளில் உள்ளபடியே பொருத்தி நிறுத்துவது பாதி வேலைதான்.

வாங்குவதற்கு முன் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கோழி எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, அளவுகளை மட்டும் பாருங்கள். உறங்கும் அறையில் ஒரு கோழிக்கு 0.35 சதுர மீட்டரும், கம்பிவலை முற்றத்தில் ஒரு சதுர மீட்டரும் குறைந்தபட்சம் வேண்டும். அறை 100 செ.மீ நீளமும் 80 செ.மீ அகலமும் உடையது என்றால் அதில் இரண்டு கோழிகள் நிம்மதியாக வாழும்; பெட்டி ஆறு என்று சொன்னாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. முட்டைக்குச் சேவல் தேவையில்லை, அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாது. கோழி வளர்ப்புக்கு உங்கள் பகுதியில் என்ன கட்டுப்பாடுகள் உள்ளன என்பதை மாநகரசபையிலோ மாவட்ட சபையிலோ முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த யோசனை வேண்டும். இத்தீவில் ஆண்டின் பெரும்பகுதியும் தென்கிழக்கிலிருந்தே காற்று வீசுகிறது. மேட்டு ஊர்களுக்கு மழையையும் அதுவே கொண்டுவருகிறது. போர்ட் லூயிஸ், ஃபிளிக் அன் ஃபிளாக் போன்ற மேற்குக் கரை ஊர்களில் மழை குறைவு, வெயில் கடுமை. அங்கே வீட்டின் கிழக்குப் புறத்தில் கூட்டை வைத்தால், பிற்பகல் வெயிலை வீடே மறைத்துவிடும், காற்றும் தடையின்றி வரும். கியூர்பீப், வாக்வா போன்ற ஈரமான ஊர்களில் இதற்கு மாறாக, வீட்டுச் சுவர் சாரலைத் தடுக்கும்படி வடமேற்குப் புறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் தென்கோளத்தில் இருப்பதால் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து சாய்வாக வரும்; வலைமுற்றம் அந்தத் திசையை நோக்கி இருந்தால் மண் விரைவில் உலரும். மாமரத்து நிழல் இனிமையானதுதான். ஆனால் புயலில் முறியும் கிளை நேரே கூட்டின் மேல் விழும் என்பதால், மரத்தடியை விட்டுச் சற்று விலகி, நிழல் மட்டும் எட்டும் தொலைவில் நிறுத்துங்கள். தாழ்வான மூலையை அறவே தவிர்க்க வேண்டும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைக் கண்டவர்களுக்கு, நீர் எவ்வளவு விரைவாக ஏறும் என்பதை விளக்கத் தேவையில்லை.

நம் மண்ணில் கருங்கல் மிகுதி. ஒரு சாண் தோண்டுவதற்குள் கடப்பாரை கல்லில் மோதும். அதனால் கம்பங்களை நட முயல்வதைவிட, தரையைச் சமன்செய்து, கூட்டின் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு சிமெண்டு பிளாக்கை வைத்து, அதன் குழியில் கான்கிரீட் நிரப்பி, ஈரமாக இருக்கும்போதே ஒரு போல்ட்டைத் தலைகீழாகவும், புயல் பருவத்தில் பட்டை கட்டுவதற்கென ஒரு வளையத்தையும் பதித்துவிடுவது எளிது. கான்கிரீட் இறுகிய பின், காலில் திருகிய எல் வடிவ இரும்புப் பட்டையை அந்தப் போல்ட்டில் மாட்டி முடுக்கலாம். இதனால் மரம் மண்ணைத் தொடாது, கறையானும் எளிதில் ஏறாது. அறையின் தளம் தரையிலிருந்து 40 செ.மீ உயரத்திலாவது இருக்கட்டும். தாழ்ந்த தளத்தின் அடியில்தான் எலி குடியேறும்.

பெட்டியைப் பிரித்ததும் எல்லாப் பாகங்களையும் நிழலில் பரப்பி, தாளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பிறகு மரப்பலகைகளைச் சில நாட்கள் காற்றில் விட்டுவையுங்கள். உலர்ந்த மரம் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சிப் பருத்த பின் பொருத்தினால்தான், மழைக்காலத்தில் கதவும் கழிவுத் தட்டும் இறுகிச் சிக்கிக்கொள்ளா. பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு பலகையின் வெட்டுமுனைக்கும் இடுக்குக்கும், நீரை அடிப்படையாகக் கொண்ட மரப்பாதுகாப்புப் பூச்சை இரண்டு முறை பூச வேண்டும். கூடு எழுந்து நின்ற பிறகு அந்த இடங்களுக்குத் தூரிகை எட்டாது. பூச்சின் மணம் முழுதும் போகும்வரை கோழிகளை உள்ளே விடக்கூடாது. கிட்டோடு வரும் சிறு திருகுகளைக் கடற்காற்று விரைவில் அரித்துவிடும் என்பதால், துத்தநாகம் பூசியவற்றையோ துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையோ அதே அளவில் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தை எழுப்பும்போது எல்லாத் திருகுகளையும் முதலில் பாதியளவே முடுக்குங்கள். எதிரெதிர் மூலைகளுக்கு இடைப்பட்ட இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று பொருள். அதன் பிறகே இறுக்க வேண்டும். மெல்லிய பைன் பலகை ஓரத்தில் எளிதாகப் பிளந்துவிடும் என்பதால், திருகைவிடச் சற்றுச் சிறிய துளையை முன்கூட்டியே இட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சுற்றி 3 மி.மீ இடைவெளி இருக்கட்டும்.

இனி, கிட்டில் இல்லாத காற்றோட்டத்தை நாம் உண்டாக்க வேண்டும். கூரைக்கு நேர் கீழே, எதிரெதிரான இரண்டு சுவர்களில், சுவரின் நீளம் முழுவதும் 10 செ.மீ உயரத்துக்குப் பலகையை அறுத்தெடுத்து, அங்கே 13 மி.மீ கண்ணுள்ள, பற்றவைத்த சதுரக் கம்பிவலையைப் பதியுங்கள். இந்தத் திறப்பு அமர்கட்டையில் அமர்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். அப்போது சூடான காற்றும் எச்சத்தின் நெடியும் மேலே வெளியேறும், உறங்கும் கோழியின் மேல் சாரல் நேரே அடிக்காது. போதுமா என்று அறிய ஒரு வழி உண்டு. விடியற்காலையில் கதவைத் திறந்து, கோழியின் தலை இருந்த உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நெடி கண்ணைக் கரித்தாலோ, உட்சுவரில் ஈரம் படிந்திருந்தாலோ, திறப்பை இன்னும் பெரிதாக்குங்கள்.

கருந்தார்ப் படலத்தை உரித்துவிட்டு, வெள்ளை வண்ணம் பூசிய நெளிதகரத்தைப் போடுவதே சரி. கோழிகளின் குருதியை இரவில் உறிஞ்சும் செவ்வுண்ணிகள் பகலில் ஒளிந்துகொள்வதற்கு அந்தப் படலத்தின் அடிப்புறம் மிகவும் வசதியான இடம் என்பது அதை உரிக்க இன்னொரு காரணம். தகரத்துக்கும் கூரைப் பலகைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்தால், வெப்பம் உள்ளே அவ்வளவாக இறங்காது. கூரை விளிம்பு எவ்வளவு நீள வேண்டும் என்பதில் இரண்டு தேவைகள் மோதுகின்றன: மழைக்கு நீண்ட விளிம்பு நல்லது, புயலுக்கோ அதுவே கைப்பிடி போல ஆகிவிடும். 15 செ.மீ நிலையான விளிம்போடு நிறுத்திக்கொண்டு, மழைப்பக்கத்தில் மட்டும் கழற்றக்கூடிய ஒரு தகரத் தாழ்வாரத்தை மாட்டுவது என் தேர்வு.

உள்ளே 4 அல்லது 5 செ.மீ தடிமனுள்ள, விளிம்பு மழுக்கிய அமர்கட்டையை, ஒரு கோழிக்கு 25 செ.மீ நீளம் கிடைக்கும்படி, முட்டைப் பெட்டியைவிட உயரமாக வையுங்கள். உயரம் மாறினால் கோழிகள் முட்டைப் பெட்டியிலேயே உறங்கி அதை அசுத்தமாக்கும். 30 செ.மீ கனசதுரப் பெட்டி ஒன்று மூன்று கோழிகளுக்குப் போதும். தரையில் இழைப்புச் சுருளைப் பரப்பலாம், அல்லது நன்கு காய்ந்த கரும்புத் தோகையை நறுக்கிப் போடலாம். ஈரம் பட்ட தோகை பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதைத் தாமதமின்றி மாற்ற வேண்டும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் வீட்டில் முட்டை சமைப்பதில்லை என்றாலும், பெட்டியிலிருந்து அதை நாள்தோறும் எடுத்துவிடுங்கள். சேர்ந்து கிடந்தால் கோழி அடைக்குப் படுத்துவிடும், எலியும் வரும்.

நரி இல்லாத இத்தீவில் கீரி இருக்கிறது. எலியை ஒழிக்கவென்று கொண்டுவரப்பட்டது, கோழியையும் முட்டையையும் விட்டுவைப்பதில்லை. அது பகலில் நடமாடும் விலங்கு. ஆகவே இரவில் கதவைச் சாத்தினால் போதும் என்ற குளிர்நாட்டு அறிவுரை இங்கே செல்லாது. வலைமுற்றமும் பகல் முழுவதும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். கிட்டோடு வரும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியையும் எலியையும் வெளியே நிறுத்தாது. அதன் மேல் 13 மி.மீ சதுர வலையை அடித்து, கீழ்விளிம்பில் 30 செ.மீ வலையை வெளிப்புறமாக மடித்துத் தரையில் கிடத்தி, மேலே கருங்கற்களை அடுக்குங்கள். கரும்பு வயல் ஓரக் குவியல்களில் உரியவரைக் கேட்டு எடுத்துவரலாம். பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்டை ஒட்டி வாழ்பவர்கள் குரங்கையும் நினைவில் கொள்ள வேண்டும். எளிய தாழ்ப்பாளை அது திறந்துவிடும், பூட்டு இடுங்கள்.

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை நீளும் புயல் பருவத்துக்கு, சுமை கட்டும் இறுக்கும் பட்டைகள் இரண்டைக் கூரையின் மேல் குறுக்காக இட்டு, பிளாக்கில் பதித்த வளையங்களோடு இழுத்துக் கட்டுங்கள். சாதாரணச் சூறைக்காற்றுக்கு இது போதும். ஆனால் 1975ஆம் ஆண்டின் கெர்வேஸ் புயலில் காற்று மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் வீசியது. அத்தகைய காற்றில் எந்த மரக்கூட்டையும் நம்பக்கூடாது. வானிலைத் துறை அறிவிக்கும் புயல் எச்சரிக்கை எண் உயரத் தொடங்கியதுமே, காற்று வலுக்குமுன், கோழிகளைக் கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ எடுத்துக் கார் நிறுத்தும் அறைக்கோ குளியலறைக்கோ கொண்டுசெல்லுங்கள். இரண்டு நாளுக்கான தீனியும் நீரும் அங்கேயே இருக்கட்டும். தாழ்வாரத்தையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். புயலின் கண் நேர்மேலே கடந்தால் காற்று சிறிது நேரம் ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசும். அந்த ஓய்வைக் கண்டு கோழிகளைப் பார்க்க வெளியே போகாதீர்கள். முற்றிலும் அடங்கிய பின் பட்டைகளையும் போல்ட்டுகளையும் முடுக்கி, வலையில் கிழிசல் இல்லை என்று உறுதிசெய்து, ஈரமான கூளத்தை முழுதாக மாற்றிய பிறகே அவற்றைத் திரும்பக் கூட்டில் விட வேண்டும்.