மருத்துவத் தகவல் பரிமாற்றம் கட்ட வெண்டரைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

டெமோவில் எல்லாம் அழகாக ஓடும். நோயாளியின் பெயரைத் தட்டினால் மூன்று ஆஸ்பத்திரிகளில் எடுத்த ரத்தப் பரிசோதனை, கொடுத்த மருந்து, எடுத்த எக்ஸ்ரே எல்லாம் தேதி வாரியாக வந்து நிற்கும். 'இதைத்தானே இத்தனை நாள் தேடினோம்' என்று குழுவில் எல்லோருக்கும் தோன்றும். அந்த டெமோ நோயாளிக்கு ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, மாறவே மாறாத ஒரே முகவரி. அவருடைய ரிசல்ட் எல்லாம் ஒரே அலகில் இருக்கும். அப்படி ஒரு நோயாளி வெண்டரின் லேப்டாப்பில் மட்டும்தான் வாழ்கிறார்.

வட்டார மருத்துவத் தகவல் பரிமாற்றம் என்பது, ஒரு பகுதியில் உள்ள ஆஸ்பத்திரிகள், கிளினிக்குகள், லேப்கள், ஸ்கேன் மையங்கள், மருந்துக்கடைகள் எல்லாம் ஒரே நோயாளியின் விவரங்களைத் தங்களுக்குள் அனுப்பிப் பெறுவதற்கான பொது ஏற்பாடு. ஒவ்வொருவரும் வேறு வேறு மென்பொருள் வைத்திருப்பார்கள். அவற்றை இணைத்துக் கொடுப்பதுதான் வெண்டரின் வேலை. அந்த வெண்டரைத் தேர்ந்தெடுக்கும் குழு செய்யும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது. வெண்டர் காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். தங்கள் கையில் இருக்கிற தரவைக் கொடுத்து 'இதை வைத்துச் செய்து காட்டுங்கள்' என்று கேட்பதில்லை.

என்ன வேண்டும் என்று முடிவாகும் முன்பே டெண்டர்

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் சாண்டா பார்பரா கவுண்டியில் 1998-ல் இப்படி ஒரு முயற்சி தொடங்கியது. கலிஃபோர்னியா ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் சுமார் ஒரு கோடி டாலர் கொடுத்தது. நாடே திரும்பிப் பார்த்த திட்டம் அது. மென்பொருள் தாமதமானது, சட்டப் பொறுப்பு யாருடையது என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போனது, நன்கொடை தீர்ந்த பிறகு கைக்காசு போட யாரும் முன்வரவில்லை. 2006 டிசம்பரில் மூடிவிட்டார்கள். தொழில்நுட்பம் சொதப்பியது உண்மைதான். ஆனால் 'இதனால் எனக்கு என்ன லாபம், நான் ஏன் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்' என்ற கேள்விக்கு உறுப்பினர்களிடம் பதில் இருந்திருந்தால், தாமதத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்.

எனவே முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது, எந்த இரண்டு மூன்று காரியங்களுக்காக இது வேண்டும் என்பதை. எமர்ஜென்சிக்கு மயக்கத்தில் வருபவரின் மருந்துப் பட்டியலும் அலர்ஜியும் தெரிய வேண்டுமா? டிஸ்சார்ஜ் ஆன அன்றே குடும்ப மருத்துவருக்குச் செய்தி போக வேண்டுமா? ஒரே டெஸ்ட்டைத் திரும்ப எடுப்பது குறைய வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் தரவு வேறு, அவசரம் வேறு, காசு கொடுக்கத் தயாராக இருப்பவரும் வேறு.

இதைச் செய்யாத குழுக்கள் வேறெங்கோ எழுதிய டெண்டர் ஆவணத்தை வாங்கி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி வெளியிடுகின்றன. அதில் நூற்றுக்கணக்கான தேவைகள் இருக்கும், எதிரே 'உண்டு / இல்லை' என்று இரண்டு கட்டங்கள். எந்த வெண்டரும் 'இல்லை' என்று டிக் அடிக்கப் போவதில்லை. அதற்குப் பதில் நான்கு கட்டம் வையுங்கள்: இன்றைக்கே வாடிக்கையாளரிடம் ஓடுகிறது, செட்டிங்கை மாற்றினால் போதும், புதிதாக எழுத வேண்டும், முடியாது. முதல் கட்டத்தில் டிக் அடித்தால் எந்த வாடிக்கையாளர், எப்போதிலிருந்து என்று எழுத வேண்டும். பதில்களின் தோற்றமே மாறிவிடும்.

ஆளை அடையாளம் காண்பது

இந்த ஏற்பாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது; தேர்வின்போது அரை மணி நேரம்கூடச் செலவிடாமல் விடப்படுவதும் இதுதான். ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஐந்து எண் வைத்திருக்கும் ஒருவரை ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க மாஸ்டர் பேஷன்ட் இண்டெக்ஸ் என்ற ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, போன் எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு, இந்த மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் ஒரே ஆள், கீழே இருந்தால் வேறு ஆள் என்று முடிவு செய்வார்கள். இதன் கணித அடிப்படையை ஃபெல்லெகி, சண்டர் இருவரும் 1969-லேயே எழுதிவிட்டார்கள். இன்றைக்கு அதற்கு மேல் செயற்கை நுண்ணறிவு என்று ஒரு லேபிள் ஒட்டிவருகிறது. லேபிளைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டியது வேறு. இரட்டைக் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி ஒன்று, முகவரி ஒன்று, பெற்றோரின் போன் எண் ஒன்று, பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம், பாலினமும் ஒன்றாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பல மதிப்பெண் முறைகளுக்கு இவர்கள் ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள். அடுத்து, பிறந்த குழந்தை. ஆஸ்பத்திரியில் தாயின் பெயரை ஒட்டி 'இன்னாரின் குழந்தை' என்று பதிவாகும். ஒரு மாதம் கழித்துப் பெயர் வைத்து வேறு கிளினிக்குக்குத் தடுப்பூசிக்கு வரும்போது, பிறந்தபோது எடுத்த டெஸ்ட் எல்லாம் பெயரில்லாத ஒரு ஆளிடம் போய்த் தங்கிவிடும்.

இரண்டு பேரை ஒன்றாகச் சேர்ப்பது, ஒருவரை இரண்டாகப் பிரித்து வைப்பதைவிட ஆபத்தானது. பின்னதில் டாக்டருக்குத் தகவல் குறையும், அவ்வளவுதான். முன்னதில் ஒருவரின் பெனிசிலின் அலர்ஜியோ ரத்தப் பிரிவோ இன்னொருவரின் பக்கத்தில் ஏறிவிடும். சேர்த்ததைப் பிரிக்க முடியுமா என்பதை டெமோவிலேயே பார்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரி மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் பொது முறைக்கு எச்.எல்.7 என்று பெயர். ஓர் ஆஸ்பத்திரி தன் பதிவுகள் இரண்டை இணைத்தால் ஏ40 என்ற எச்.எல்.7 செய்தி வரும். அதை எல்லா வெண்டரும் கையாள்வார்கள். அந்த இணைப்பே தப்பு என்று மறுநாள் தெரிந்தால், அதற்குள் வந்து சேர்ந்த ரிசல்ட்டுகள் யாரிடம் போகும்? பொதுப் பட்டியலில் பிரித்த செய்தி மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போகுமா? இங்கேதான் நிறையப் பேர் 'அதை எங்கள் சப்போர்ட் டீம் பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். அப்படியென்றால் அந்த வசதி இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் நடுவில் விழும் சந்தேகக் கேஸ்களை மனிதர்கள்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்த வேலை வெண்டருடையதா, உங்களுடையதா? ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அது உங்கள் தலையில் வரும்.

'எல்லா ஸ்டாண்டர்டும் சப்போர்ட் பண்ணுவோம்'

எச்.எல்.7 இரண்டாம் பதிப்பு 1980களின் இறுதியில் பிறந்தது. ஆஸ்பத்திரிகளுக்குள் பெரும்பகுதிச் செய்திகள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. புதிதாக வந்த ஃபையர் (FHIR) என்ற முறை, இணையதளங்கள் பேசிக்கொள்ளும் முறையிலேயே மருத்துவத் தகவலையும் கேட்டு வாங்குகிறது. இரண்டும் வேண்டும். ஃபையர் இருக்கிறது என்று வெண்டர் சொன்னதும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைப்பதுதான் தவறு. இவையெல்லாம் தபால் உறை மாதிரி. உறை சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும். உள்ளே எழுதியிருப்பது அங்கே இருப்பவருக்குப் புரியுமா என்பது தனிக் கதை.

ஓர் எச்.எல்.7 லேப் செய்தியில் ஒவ்வொரு ரிசல்ட்டும் ஓ.பி.எக்ஸ் என்ற வரியில் வரும். ஐந்தாவது இடத்தில் எண், ஆறாவது இடத்தில் அலகு. ரத்த சர்க்கரையை ஒரு லேப் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்று அனுப்பும். இன்னொரு லேப் அதே அளவை லிட்டருக்கு 7.0 மில்லிமோல் என்று அனுப்பும். இரண்டும் ஒன்றுதான், 18-ஆல் பெருக்கினால் சரியாகப் போய்விடும். அலகு இடத்தைக் காலியாக விட்டு அனுப்பும் லேப்கள் உண்டு. அப்போது திரையில் 126-க்குப் பக்கத்தில் 7 என்று வரும். வரைபடம் போட்டால் நோயாளி ஒரே வாரத்தில் மரணத்தின் விளிம்புக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

டெஸ்ட்டின் பெயரிலும் இதே கூத்துதான். ரத்த சர்க்கரை டெஸ்ட் ஒரு லேப்பில் ஜி.எல்.யூ, இன்னொன்றில் எஃப்.பி.எஸ், வேறொன்றில் 4071 என்று ஏதோ ஒரு எண். இவற்றை லாயின்க் என்ற பொதுக் குறியீட்டுக்கு மாற்றியாக வேண்டும். ஒரு நடுத்தர லேப்பிலேயே நூற்றுக்கணக்கான டெஸ்ட் இருக்கும். வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பின்பா, ரத்தமா, சிறுநீரா என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தவர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை இது. லேப் புது மெஷின் வாங்கினால் திரும்பவும் வேலை. இதை யார் செய்வது, எந்த விலைக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இறுதிச் சுற்றுக்கு வரும் இரண்டு மூன்று வெண்டர்களுக்கு, உங்கள் உறுப்பினர்களின் உண்மையான செய்திகளையே அடையாளங்களை மாற்றிக் கொடுங்கள். அழகாகத் திருத்தித் தராதீர்கள். காலி அலகு, தலைகீழாக எழுதிய தேதி, பெயர் இடத்தில் 'டெஸ்ட் டெஸ்ட்', எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து வந்து காட்டட்டும். எதைச் சத்தமில்லாமல் விழுங்கினார்கள், எதைப் பிழை என்று நிறுத்திச் சொன்னார்கள் என்று பாருங்கள். நிறுத்திச் சொல்பவருக்கு என் ஓட்டு.

அனுமதி

நோயாளி சம்மதம் பற்றி எல்லா வெண்டரிடமும் ஒரு திரை இருக்கும். 'முக்கியமானதை மறைக்கலாம்' என்பார்கள். மனநலக் குறிப்பை மறைத்துவிட்டு, மருந்துப் பட்டியலில் மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியத்தைக் காட்டினால் என்ன மறைத்தோம்? எச்.ஐ.வி மருந்துகளும் அப்படியே. மறைப்பது நோயின் பெயரை மட்டுமா, அதைக் காட்டிக்கொடுக்கும் மருந்தையும் டெஸ்ட்டையும் சேர்த்தா என்று கேளுங்கள். எமர்ஜென்சியில் தடையை மீறித் திறந்தால் யார், எப்போது, என்ன காரணம் சொல்லித் திறந்தார் என்பது அன்றைக்கே ஒருவருடைய பார்வைக்குப் போக வேண்டும்.

விலை எங்கே ஒளிந்திருக்கிறது

உரிமத் தொகையைப் பார்த்து ஒப்பிடுவது வீண். செலவெல்லாம் இன்டர்ஃபேஸில், அதாவது மென்பொருள்களை இணைக்கும் வேலையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் இணைக்க ஒரு தொகை, ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு தொகை, வருடா வருடம் பராமரிப்பு. இதில் பலர் கணக்கில் எடுக்காத ஒன்று, எதிர்முனை. ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் விற்ற கம்பெனியும் தன் பக்கத்து இணைப்புக்குத் தனியாக பில் போடும். சின்ன கிளினிக்குகள் அந்த பில்லைப் பார்த்ததும் பின்வாங்கும். அவர்கள் இல்லாவிட்டால் பரிமாற்றத்தில் பாதி ஓட்டை. இருபது பேர் சேரும்போது ஐந்து வருடத்துக்கு இரண்டு முனையிலும் சேர்த்து எவ்வளவு என்று எல்லா வெண்டர்களிடமும் ஒரே படிவத்தில் வாங்குங்கள்.

சிஸ்டம் 99.9 சதவீத நேரம் ஓடும் என்ற உறுதியையும் விரித்துப் பார்க்க வேண்டும். அது வருடத்துக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் நிற்க அனுமதி. முன்பே அறிவித்த பராமரிப்பு நேரம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. சர்வர் ஓடிக்கொண்டே இருந்து, ஒரு லேப்பிலிருந்து மூன்று நாளாக ரிசல்ட் வராமல் இருந்தால் அதுவும் 'ஓடியது' என்றே பதிவாகும். ஒவ்வொரு இணைப்பிலும் வழக்கமாக வரும் எண்ணிக்கை குறைந்தால் அலாரம் அடிக்குமா என்று கேளுங்கள்.

யாரைக் கேட்டு எடுத்த முடிவு

இங்கிலாந்தில் 2002-ல் தொடங்கிய தேசிய மருத்துவ ஐ.டி. திட்டம் நாட்டை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, பெரிய கம்பெனிகளிடம் மேலிருந்து ஒப்படைத்தது. ஒப்பந்தங்கள் வேகமாகக் கையெழுத்தாயின. பயன்படுத்தப்போகும் டாக்டர்களிடம் கலந்துபேசியது குறைவு. ஒப்பந்தம் எடுத்த கம்பெனிகளில் அக்சென்ச்சர் 2006-ல் விலகியது, ஃபுஜிட்சுவின் ஒப்பந்தம் 2008-ல் முறிந்தது, 2011-ல் திட்டத்தையே கலைப்பதாக அரசு அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே அந்த நிலை என்றால், 'பெரிய பெயர், பயமில்லை' என்ற வாதத்துக்கு என்ன மதிப்பு?

வெண்டர் கொடுக்கும் ரெஃபரன்ஸ் பட்டியலில் இருப்பவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள். பட்டியலில் இல்லாத, இவர்களை விட்டு விலகிய வாடிக்கையாளர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அங்கே மேனேஜரை விட்டுவிட்டு இரவு ட்யூட்டி டாக்டரிடம் கேளுங்கள்: இதைத் திறக்கத் தனியாக லாகின் பண்ண வேண்டுமா, எத்தனை விநாடி ஆகிறது, கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

பிரிந்து போகும்போது

வெண்டர் விற்கப்படலாம், திவாலாகலாம், விலையை ஏற்றலாம். ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்த மூல நிரலைத் திறந்து வைத்த மென்பொருள் என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. உலகெங்கும் இணைப்பு வேலைக்குப் பயன்பட்ட மிர்த் கனெக்ட் என்ற மென்பொருள் பல வருடம் ஓப்பன் சோர்ஸாக இருந்தது. 2025-ல் வந்த 4.6 பதிப்பிலிருந்து வணிக உரிமத்துக்கு மாறிவிட்டது. வெண்டர் எதன் மேல் கட்டியிருக்கிறார் என்பதையும் கேட்டு வாங்குவது நல்லது.

'ஒப்பந்தம் முடிந்ததும் தரவைத் திருப்பித் தருவோம்' என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது. எந்த வடிவில், எத்தனை நாளில், எவ்வளவு கட்டணத்தில் என்பது இருக்காது. திருப்பித் தர வேண்டியது ரிசல்ட்டுகள் மட்டும் இல்லை. எந்த எண்ணும் எந்த எண்ணும் ஒரே ஆள் என்ற இணைப்புப் பட்டியல், நீங்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த லாயின்க் மாற்று அட்டவணை, நோயாளிகள் கொடுத்த சம்மதப் பதிவுகள், யார் எதைத் திறந்தார் என்ற தணிக்கைப் பதிவு, இந்த நான்கையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இணைப்புப் பட்டியலும் மாற்று அட்டவணையும் தங்கள் சொத்து என்று வாதாடும் வெண்டர்கள் உண்டு. புது வெண்டர் வரும்வரை பழையவர் அதே விலையில் குறைந்தது ஆறு மாதம் ஓட்டித் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். இதையெல்லாம் அவர்கள் ஒப்புக்கொள்வது கையெழுத்துக்கு முந்தைய வாரத்தில்தான்.