பழைய பியர் ரிகர்வ் வில்லின் வயதைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனைகள் எதிர்ப்புறமாக வளைந்திருக்கும் ரிகர்வ் வில் ஒன்று பழையதாகக் கைக்கு வந்தால், அதில் முதலில் கண்ணில் படும் நான்கு இலக்க எண்ணையே அது செய்யப்பட்ட ஆண்டாகக் கொள்வது பலரும் செய்யும் தவறு. அமெரிக்காவின் பியர் ஆர்ச்சரி வில்களில் இது மிகுதி. அவற்றில் காப்புரிமை எண்ணுடன் ‘கனடா 1953’ என்றும் அச்சிடப்பட்டிருக்கும். அது கனடாவில் காப்புரிமை கிடைத்த ஆண்டே தவிர, வில் செய்யப்பட்ட இடமும் அன்று, ஆண்டும் அன்று. 1960களில் செய்த வில்களிலும் இதே வாசகம் தொடர்ந்ததால், 1968இல் உருவான வில்லும் 1953 என்றே நம்மிடம் சொல்லும்.

இதைவிட நம்பகமான சான்று கைப்பிடியில் பதித்த வட்டமான நாணய முத்திரை. 1959 முதல் 1972 வரை அது மரத்தின் மேற்பரப்போடு சமமாகப் பதிக்கப்பட்டது. 1973 முதல் மேலெழும்பி நிற்கிறது. எனவே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், விரலை அதன் விளிம்பின் மீது ஓட்டிப் பார்க்க வேண்டும். சமமாக உள்ள முத்திரைகள் செம்பு, அலுமினியம், பித்தளை எனப் பல உலோகங்களில் வந்தன. உலோகத்தைக் கொண்டு காலத்தை இன்னும் சுருக்கலாம். ஆனால் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கும், மேலே பூசிய வார்னிஷின் மஞ்சளும் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும். பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் உலோகத்தை முடிவு செய்யலாகாது. தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அதைத் தேய்த்து மெருகேற்றுவதும் கூடாது.

வரிசை எண்ணிலும் ஒரு மயக்கம் உண்டு. 1965 முதல் 1969 வரையிலான எண்களின் முதல் இலக்கம் ஆண்டைக் குறிப்பது; 7 என்று தொடங்கினால் 1967. இவ்விதியை எல்லாக் காலத்துக்கும் நீட்டுவது தவறு. பின்னர் வந்த, ‘கே’ (K) என்ற எழுத்தில் தொடங்கும் எண்களைக் கண்டு அது கோடியாக் (Kodiak) என்ற பியர் மாதிரி என்று நினைப்பவர்கள் பலர். மாதிரியின் பெயர் தனியாக அச்சிடப்பட்டிருக்கும், அதையே நம்ப வேண்டும். அந்தப் பெயரும் வயதைச் சொல்லாது. கிரிஸ்லி என்ற பெயரில் இன்றும் வில் விற்பனையாகிறது.

ஊர்ப் பெயர் இருந்தால் அது பெரும் உதவி. நிறுவனம் 1947இல் மிச்சிகனின் கிரேலிங்குக்கும், 1978இல் புளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்கும் இடம்பெயர்ந்தது. ஆகவே கெயின்ஸ்வில் என்று பொறித்த வில்லை 1960களைச் சேர்ந்தது என்று சொல்ல வழியே இல்லை.

செய்தவர் வேறு, விற்றவர் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் சியர்ஸ் கடைகள் டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் வீரரின் பெயரை இட்டு விளையாட்டுப் பொருள்களை விற்றன. அப்பெயர் செய்தவருடையது அன்று. விங் என்ற மற்றொரு நிறுவனத்தின் வில்களில் ஏ.எம்.எஃப் என்ற எழுத்துகள் இருந்தால், விங் நிறுவனம் ஏ.எம்.எஃப் நிறுவனத்திடம் கைமாறிய பிறகு செய்தவை அவை.

‘45#’ என்பதை வரிசை எண்ணாகப் படிப்பவர்களும் உண்டு. அக்குறி பவுண்டைக் குறிக்கிறது: நாணைக் குறித்த தூரம், பெரும்பாலும் 28 அங்குலம், இழுக்கத் தேவைப்படும் விசை அது; வில்லின் சொந்த எடை அன்று. இவ்விவரங்கள் பெரும்பாலும் கையால் மையில் எழுதப்பட்டவை. நான் மிகவும் வருந்தும் தவறு இங்கேதான் நடக்கிறது: பளபளப்பாக்கும் ஆசையில் உப்புத்தாளால் தேய்ப்பவர், வில்லைப் பற்றிய ஒரே எழுத்துச் சான்றைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார். ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, சாய்ந்த ஒளியில் படமெடுத்துக்கொண்டாலே போதும்.

அடையாளம் காணும் முன்பே நாணேற்றி இழுத்துப் பார்ப்பதும் தவறு. நாணில்லாத ரிகர்வ் வில்லின் வளைவைப் பார்ப்பவர், அது வளைந்திருக்கும் பக்கமாகவே மேலும் வளைத்து, தலைகீழாக நாணேற்றிவிடுவார். அப்படி இழுத்தால், பல பத்தாண்டுகளாகப் பசையால் பிணைந்திருக்கும் மரமும் கண்ணாடியிழையும் தனித்தனியாகப் பிரிந்துவிடலாம்.