பழைய நீர்ச்சறுக்குப் படகைச் சீரமைத்தல்: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செல்வது

நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கென்றே 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட படகுகளில் பெரும்பாலானவை ஒரே அமைப்பைக் கொண்டவை. ஃபைபர் உடல், அதன் நடுவே ஒரு பெட்டிக்குள் அமர்ந்திருக்கும் வி8 பெட்ரோல் இன்ஜின், அதிலிருந்து பின்னோக்கிச் சாய்வாக இறங்கி அடித்தட்டு வழியே வெளியேறும் தண்டு, தண்டின் நுனியில் புரொப்பல்லர். இன்ஜின் நடுவில் இருப்பதால் படகின் பின்புறம் நீரில் ஆழ்வதில்லை. சறுக்குபவருக்குத் தாழ்வான, மென்மையான அலை கிடைக்கிறது. எளிமையான இந்த அமைப்பைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டே ஒருவர் தாமாகப் பராமரிக்க முடியும் என்பதால், நாற்பது ஐம்பது ஆண்டு வயதான படகுகள் இன்றும் ஏரிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட படகை வாங்கும் புதியவர்கள் பெரும்பாலும் இன்ஜினையோ, மங்கிய மேற்பூச்சையோ முதலில் கையில் எடுக்கிறார்கள். அது தவறான வரிசை. தரைக்கு அடியில் உள்ள மரம் உளுத்துப்போயிருந்தால், இன்ஜினுக்குச் செய்த செலவு முழுவதும் வீணாகும். ஆகவே கீழிருந்து மேலே வாருங்கள்.

முதல் படி: மரச்சட்டங்கள்

அக்காலப் படகுகள் பலவற்றில், முன்னிருந்து பின்வரை ஓடும் நீளவாட்டுச் சட்டங்கள் ஃபைபர் உறையிட்ட மரத்தால் ஆனவை. இவற்றை ஸ்டிரிங்கர் என்பார்கள். இன்ஜினின் தாங்கிகள் இவற்றில்தான் திருகப்பட்டிருக்கின்றன. திருகு துளைகள் வழியாக ஆண்டுக்கணக்கில் நீர் கசிந்தால், வெளியே உறை பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் மண்ணாகியிருக்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது. தொட்டும் தட்டியும்தான் அறிய வேண்டும்.

இன்ஜின் தாங்கிகளைப் பிடித்திருக்கும் பெரிய திருகாணிகளை ஸ்பேனரால் மெல்ல இறுக்கிப் பாருங்கள். இறுக்கம் கூடாமல் ஆணி சுழன்றுகொண்டே இருந்தால், பிடித்துக்கொள்ள அங்கே மரம் இல்லை என்று பொருள். அடுத்து, பிளாஸ்டிக் சுத்தியலால் சட்டத்தின் நெடுகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல மரம் கணீரென ஒலிக்கும், உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயம் தீரவில்லையெனில், சட்டத்தின் பக்கவாட்டில் 6 மி.மீ. துளையிட்டு, வெளிவரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர்நிறமாக, உலர்ந்து உதிர்ந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, புளித்த வாசனையுடன் வந்தால் உளுப்பு உறுதி. சோதனைத் துளைகள் ஒவ்வொன்றையும் எபாக்ஸி என்னும் இறுகிக் கெட்டியாகும் பிசின் கொண்டு அடைத்துவிட வேண்டும், இல்லையெனில் அவையே அடுத்த கசிவுக்கு வழியாகிவிடும்.

ஒரு கையளவு உளுப்பைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, எபாக்ஸியால் நிரப்பலாம். அதைத் தாண்டிப் பரவியிருந்தால், இன்ஜினைத் தூக்கி, தரையை வெட்டி, சட்டத்தை முழுமையாக மாற்றுவதே சரியான வழி. சட்டங்களுக்கிடையே நிரப்பப்பட்ட நுரை நீரை உறிஞ்சி வைத்திருக்குமாதலால் அதையும் அகற்ற வேண்டும். இது ஒரு பருவம் முழுவதையும் விழுங்கும் வேலை. தொடங்கும் முன்பே இதை அறிந்துகொள்வது, பாதி வேலை முடிந்தபின் அறிவதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: பெட்ரோல்

படகுக்கும் காருக்கும் உள்ள மிக ஆபத்தான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் அது தரையில் இறங்கிக் கலைந்துவிடும். படகிலோ இன்ஜினுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எனவே ஒவ்வொரு முறையும் இன்ஜினைக் கிளப்பும் முன் அடிப்பள்ளத்தின் காற்றை வெளியேற்றும் விசிறியான புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள். வாசனை இருந்தால் சாவியைத் தொடக்கூடாது. இதில் விதிவிலக்கு எதுவும் கிடையாது.

பழைய ரப்பர் குழாய்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் மென்மையாகி, வியர்க்கத் தொடங்கும். ஒரு துணியால் குழாயை நெடுகத் துடைத்து, துணியை மோந்து பாருங்கள். வாசனை ஏறியிருந்தால், படகுக்கெனத் தயாரிக்கப்பட்ட புதிய குழாயை மாட்டுங்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்டிரிபியூட்டர், கார்பரேட்டர், பெட்ரோல் பம்பு ஆகியவற்றை வாங்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். காருக்கான உதிரிபாகம் விலை குறைவு, அளவும் பொருந்திவிடும். ஆனால் படகுக்கான மின்பாகங்களின் உட்புறப் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி மூடப்பட்டிருக்கும், காருக்கானவற்றில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கார்பரேட்டரின் மேல் அமர்ந்திருக்கும் தீத்தடுப்பு வலையைக் கழற்றிய நிலையில் இன்ஜினை ஓட்டவும் கூடாது.

மூன்றாம் படி: குளிர்விக்கும் நீரின் பாதை

இந்தப் படகுகளில் ரேடியேட்டர் இல்லை. ஏரி நீர் அடித்தட்டின் துளை வழியே ஏறி, வடிகட்டி, கியர்பாக்ஸ் குளிர்விப்பான், பம்பு ஆகியவற்றைக் கடந்து, இன்ஜினையும் புகைக்குழாய்த் தொகுதியையும் சுற்றி, இறுதியில் புகையுடன் கலந்து பின்புறம் வெளியேறுகிறது. அந்த நீர்தான் ரப்பராலான புகைக்குழாய்களை எரியாமல் காக்கிறது. நீர் நின்றால் இன்ஜின் மட்டுமன்று, அக்குழாய்களும் கருகும்.

இந்தப் பாதையின் இதயம் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம். அதை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். மூடியின் திருகுகளைக் கழற்றி, பழையதை இழுத்தெடுத்து, புதியதன் இதழ்களில் சோப்பு நீர் தடவி, பம்பு சுழலும் திசைக்கேற்ப இதழ்கள் வளையுமாறு திருகி உள்ளே தள்ளுங்கள். பழைய சக்கரத்தில் ஓர் இதழ் குறைந்திருந்தால், அந்தத் துண்டு எங்கோ ஒரு குழாயில் சிக்கியிருக்கிறது. அதைக் கண்டெடுக்கும்வரை வேலை முடியவில்லை.

கரையில் சோதிக்கும்போது, நீரேற்றும் குழாயை ஒரு வாளியில் இட்டு, வாளியைத் தொடர்ந்து நிரப்பிக்கொண்டே இருங்கள். நிரப்பும் குழாயை நேரடியாகப் பம்பில் பொருத்த வேண்டாம். இன்ஜின் ஓடாத நேரத்தில் குழாயின் அழுத்தம் நீரைப் புகைப்பாதையில் நிரப்பி, சிலிண்டருக்குள்ளும் தள்ளிவிடலாம். நீரின்றிச் சில நொடிகள் ஓட்டினாலும் இம்பெல்லர் சிதையத் தொடங்கும். கரையில் கியரும் போடக்கூடாது, ஏனெனில் தண்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்குக்கு ஏரி நீரே உயவு.

எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், நீர் இன்ஜினுக்குள் புகுந்துவிட்டது. கியர்பாக்ஸ் திரவத்தையும் இப்படியே பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது, கலங்கிய இளஞ்சிவப்பு கெட்டது.

நான்காம் படி: தண்டும் பேக்கிங்கும்

தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில், பித்தளை நட்டுக்குள் மெழுகேற்றிய கயிறுபோன்ற பேக்கிங் சுற்றப்பட்டிருக்கும். இது முற்றிலும் கசியாமல் இருக்க வேண்டும் என்று எண்ணி நட்டை நெரித்து இறுக்குவது புதியவர்கள் செய்யும் பிழை. ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழ வேண்டும், அந்த நீர்தான் உராய்வைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது கசிவு ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். பேக்கிங்கை மாற்றும்போது நீளமாகச் சுருட்டித் திணிக்காமல், தனித்தனி வளையங்களாகச் சாய்வாக வெட்டி, ஒன்றின் இணைப்பு மற்றொன்றின் இணைப்புக்கு நேரே வராதபடி அடுக்குங்கள். சிறிது தூரம் ஓட்டியபின் நட்டைத் தொட்டுப் பாருங்கள். கைபொறுக்காத சூடு இருந்தால் தளர்த்துங்கள்.

படகு அதிர்ந்தால், கியர்பாக்ஸும் தண்டும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். படகின் உடல் டிரெய்லரில் ஒரு விதமாகவும் நீரில் வேறு விதமாகவும் வளையுமாதலால், ஒரு நாள் முழுவதும் நீரில் மிதக்கவிட்ட பிறகே இதை அளக்க வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களையும் கையால் சேர்த்து, மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களிலும் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய உலோகத் தகடு) நுழைத்துப் பாருங்கள். இடைவெளிகளின் வேறுபாடு 0.08 மி.மீ.க்குள் வரும்வரை இன்ஜின் தாங்கிகளைச் சிறிது சிறிதாகத் திருகிச் சரிசெய்யுங்கள். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் இதைச் சரியாகச் செய்த படகு வேறொரு படகாகவே மாறிவிடும்.

ஐந்தாம் படி: இன்ஜின்

இப்போதுதான் இன்ஜினின் முறை. ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் நான்கில் மூன்று பங்குக்குக் கீழே இறங்கக்கூடாது. பிறகு பிளக், வயர், எண்ணெய், ஃபில்டர் என்பவை காரில் செய்வது போன்றவையே. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இவ்வகைப் படகுகள் சிலவற்றில் இன்ஜின் காருக்கு எதிர்த்திசையில் சுழலும், அதனால் சிலிண்டர்கள் எரியும் வரிசையும் மாறும். கார்க் கையேட்டை நம்பி வயர்களை மாட்டாமல், கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: உறைபனிக்கு முன்

நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடைகிறது. அந்த விரிவு வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். குளிர் மிகுந்த இடங்களில் படகை நிறுத்துவதற்கு முன், இன்ஜினின் இருபுறமும் உள்ள வடிகால் திருகுகள், புகைக்குழாய்த் தொகுதிகளின் திருகுகள், பம்புகளின் குழாய்கள், கியர்பாக்ஸ் குளிர்விப்பான் ஆகிய அனைத்தையும் திறந்துவிடுங்கள். திருகைக் கழற்றியும் நீர் வரவில்லையெனில், உள்ளே காலியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் துருத்தூள் அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிட்டால் நீர் பீறிட்டு வரும். கழற்றிய திருகுகள் எல்லாவற்றையும், படகின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானையும் சேர்த்து ஒரே பையிலிட்டு, அந்தப் பையை ஸ்டியரிங் சக்கரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த பருவத்தில் படகை நீரில் இறக்க வருபவர் எவராயினும், சாவியைத் திருப்பும் முன் அந்தப் பையை அவிழ்த்தாக வேண்டும்.