கால் விரலை மட்டும் பாத்து ஏமாறாதீங்க: கடல் பறவையை குடும்பம் பிரிக்கிறது எப்படி?

காரைக்குடியில உக்காந்துக்கிட்டு கடல் பறவையான்னு சிரிக்காதீங்க, தேவகோட்டை வழியா தொண்டி பஸ்ஸ புடிச்சா கடல் வந்துருது. படம் எடுக்குறது, சைஸ் பாக்குறதெல்லாம் உங்களுக்கே தெரியும். பைனாகுலர் மட்டும் 8×42 (8 மடங்கு பெருசா காட்டுறது) வாங்குங்க, 10 மடங்கு வாங்குனா கடக்காத்துல கை ஆடி ஒண்ணும் தெரியாது.

ஸ்டெப் 1: கால். ஆலாவுக்கும் (tern) கடல்புறாவுக்கும் (gull) முன்னாடி மூணு விரலுக்குத்தான் சவ்வு, பின்விரல் தனியா பொடிசா நிக்கும். ரெண்டும் லாரிடே குடும்பம், முடிஞ்சுது.

ஸ்டெப் 2: நாலு விரலும் சேந்து சவ்வு இருந்தா அங்கயே நிறுத்திராதீங்க, நான் விழுந்த இடம் இதுதான். முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில ஒரு பறவை புத்தகம் வாங்குனேன், அதுல பூபி, நீர்க்காகம், ஃப்ரிகேட் பேர்ட், ட்ராபிக்பேர்ட் எல்லாத்தையும் கூழைக்கடாவோட ஒரே வரிசையில (order, பல குடும்பம் சேந்த பெரிய பிரிவு) போட்டிருந்துச்சு, நானும் அத நம்பி எக்செல்ல மொத்தமா ஏத்திட்டேன். ஆனா டிஎன்ஏ பாத்ததுக்கு அப்புறம் அந்தக் கூட்டத்தையே பிரிச்சுட்டாங்க. எங்க ஆச்சி சொல்ற மாதிரி முகஜாடைய வச்சு பங்காளின்னு சொல்ல முடியாது, எந்தக் கோயில்னு கேக்கணும்ல!

இப்ப பூபி, நீர்க்காகம், ஃப்ரிகேட் பேர்ட் மூணும் சூலிபார்மிஸ்ங்கற வரிசை. கூழைக்கடா கொக்கு, அரிவாள்மூக்கனோட சேந்துருச்சு. ட்ராபிக்பேர்டுக்கு தனி வரிசை, மொத்தமே 3 இனம்தான், அதுக்கு கிட்டத்து சொந்தம் யாருன்னா தென் அமெரிக்க சன்பிட்டர்னும் நியூ கலிடோனியா காகுவும், ரெண்டும் காட்டுக்குள்ள திரியுற பறவைங்க!

ஸ்டெப் 3: பறக்கும்போது காலு எங்க தெரியும், அதனால வாலப் பாருங்க. நடு வால்ல ரெண்டு இறகு ரிப்பன் மாதிரி நீண்டா ட்ராபிக்பேர்ட். கவட்டை வால், ரொம்ப நீள றெக்கைன்னா ஃப்ரிகேட் பேர்ட் (இது தண்ணியில உக்காராது, இறகு நனைஞ்சுரும், பூபிய வெரட்டி கக்க வச்சு மீனை புடுங்கித் திங்கும், சரியான களவாணி). இந்த ரெண்டு வாலும் இல்லாம ஈட்டி மாதிரி தண்ணிக்குள்ள பாஞ்சா பூபியா இருக்கலாம்.

அப்டேட்: புயலுக்கு அப்புறம் கரையில செத்து ஒதுங்குன வெள்ளைப் பறவை, ரிப்பன் வால் இல்லையே, பெரிய ஆலாவான்னு ஒரு அண்ணன் படம் அனுப்பி கேட்டாரு. ட்ராபிக்பேர்ட் இளசா இருக்கும்போது ரிப்பன் கிடையாதுண்ணே, முதுகுல கருப்பு வரி வரியா இருக்கும், இத நான் எழுதாம விட்டது என் தப்பு. படத்துல காலு மணலுக்குள்ள புதைஞ்சிருந்துச்சு, கையுறை மாட்டிக்கிட்டு மணலை தட்டிவிட்டு சவ்வு சேந்த விரல் எத்தனைன்னு எண்ணுங்கன்னேன். நாலுதான்னு பதில் வந்துச்சு.