48 மணி நேரத்தில் ஒரு கேம்: கோடோவில் முதல் முன்மாதிரி

2002-இல் தொடங்கிய லுடம் டேர் போட்டியில் தனியாகக் கேம் செய்பவர்களுக்குக் கொடுக்கப்படுவது 48 மணி நேரம். தூக்கம், சாப்பாடு போக அதில் பாதிதான் கைக்கு வரும். அதற்குள் ஒரு புதியவர் உருப்படியாக முடிக்கக்கூடியது ஒற்றைப் பட்டன் கேம்: ஒரு சதுரக் கட்டம் குதிக்கிறது, எதிரே தடைகள் வருகின்றன, மோதினால் ஆட்டம் முடிந்தது. கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ 4-இல் இதைச் செய்து பார்ப்போம். அது இலவசம், திறமூலம்.

படி 1: வெற்றுத் திரையை ஏற்றுங்கள்

புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரராக (திரையில் படம் வரையும் பகுதி) ‘கம்பேட்டிபிலிட்டி’யைத் தேர்ந்தெடுங்கள், வெப்பில் ஓடுவது அதுதான். ஒரு வெற்றுக் காட்சியைச் சேமித்து முதன்மைக் காட்சியாக்குங்கள். ஏற்றுமதி டெம்ப்ளேட்டுகளை இறக்கி, வெப்புக்கு ஏற்றுமதி செய்து, கோப்புக்கு ‘இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்’ என்று பெயரிட்டு, மொத்தத்தையும் ஜிப் செய்து, கேம்களை வெளியிடும் தளமான இட்ச்.ஐஓ-வில் போடுங்கள். பிரவுசரில் வெறும் சாம்பல் திரை வந்தால் போதும். இதைக் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளவே தள்ளாதீர்கள். நல்ல கேம் கையில் இருந்தும் ஏற்ற முடியாமல் போவதைவிட வருத்தம் வேறில்லை.

படி 2: குதிக்க வையுங்கள்

நிரலால் நகர்த்தும் உருவான கேரக்டர்பாடி2டி ஒன்றைச் சேர்த்து, அதற்குள் ஒரு கலர்ரெக்டும் (கண்ணுக்குத் தெரியும் நிறக் கட்டம்) கொலிஷன்ஷேப்2டியும் (மோதலைக் கணக்கிடும் வடிவம்) வையுங்கள். தரைக்கு அசையாத உருவான ஸ்டாட்டிக்பாடி2டி ஒன்று. அதற்கும் கொலிஷன்ஷேப் வேண்டும். கேரக்டரில் ஸ்கிரிப்ட் இணைக்கும்போது ‘பேசிக் மூவ்மெண்ட்’ டெம்ப்ளேட்டை எடுத்தால் குதிக்கும் நிரல் தயாராகவே வரும். இடம் வலமாக நகர்த்தும் வரிகளை மட்டும் நீக்கிவிடுங்கள்.

இப்போது ஸ்பேஸ் பட்டனைத் தட்டிப் பாருங்கள். டெம்ப்ளேட்டில் குதிக்கும் வேகம் −400 (திரையில் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போவதால் மைனஸ்), ஈர்ப்பு 980. கட்டம் சுமார் 82 பிக்ஸல் உயரம் எழும்பி, 0.8 விநாடி காற்றில் இருக்கும். பலூன் மாதிரி மிதக்கும். புராஜெக்ட் செட்டிங்ஸில் ஈர்ப்பை 1960 ஆக்கி, வேகத்தை −566 ஆக்குங்கள். உயரம் அதே 82தான், ஆனால் 0.58 விநாடியில் தரைக்கு வந்துவிடும். விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. கட்டம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஆடுபவர் பட்டனை அழுத்திவிடுவார். அந்த அழுத்தத்தை 0.1 விநாடி நினைவில் வைத்திருந்து, தரை தொட்டதும் குதிக்க வையுங்கள். இல்லாவிட்டால் ‘நான் அழுத்தினேனே!’ என்று எரிச்சல்படுவார். நேரம் எவ்வளவு நெருக்கினாலும் இந்தப் படியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த கேமில் இருப்பதே இந்தக் குதி ஒன்றுதான்.

படி 3: தடைகள்

தடைக்கு ஏரியா2டி (தனக்குள் ஏதாவது நுழைந்தால் தெரிவிக்கும் பகுதி); அதற்கும் கொலிஷன்ஷேப் வேண்டும். உயரம் 45 பிக்ஸல், இடப்பக்கமாக விநாடிக்கு 400 பிக்ஸல் வேகம். டைமர் 1.2 விநாடிக்கு ஒரு தடையை விட்டால் இடைவெளி 480 பிக்ஸல் வரும். ஒரு குதியில் 230 பிக்ஸல் கடந்துபோகும். ஆக, மூச்சு விட இடம் இருக்கிறது. திரையைத் தாண்டிய தடையை நீக்கிவிடுங்கள்.

கட்டம் தடையில் மோதியதும் ஏரியா2டியிலிருந்து பாடி_என்டர்டு சிக்னல் வரும். அப்போது காட்சியை மறுபடி ஏற்றுங்கள், ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கட்டளையை நேரடியாக அழைக்காமல், சற்றுத் தள்ளிப்போட்டு இயக்கும் கால்_டிஃபர்ட் வழியாக அழையுங்கள். இயற்பியல் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது காட்சியைக் கலைத்தால் கோடோ பிழை காட்டும். அப்புறம், ஒரு லேபிளில் ஓடிய விநாடிகளைக் காட்டினால் ஸ்கோரும் ஆயிற்று.

படி 4: ஒருவரை ஆட விடுங்கள்

நண்பர் ஒருவரிடம் எதுவும் விளக்காமல் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். முதல் தடையிலேயே திரும்பத் திரும்ப மோதினால் அது அவர் தவறில்லை. தொடக்க வேகத்தைக் குறையுங்கள்.

படமும் ஒலியும் இதற்குப் பிறகுதான். ஒலி சேர்த்தால் ‘தொடங்கு’ என்று ஒரு பட்டனும் வையுங்கள். ஆடுபவர் ஒருமுறையாவது கிளிக் செய்யாதவரை பிரவுசர்கள் பொதுவாகச் சத்தத்தை அனுமதிப்பதில்லை.